கணக்குப் பார்க்கும் உத்தியோகமும் கைவிரல் அடையாளமும்

"உத்தியோகம் புருட இலட்சணம்" என்பது நம்மவர் நாவிற் பழகிப்போன பழமொழி. எந்த உத்தியோகம் என்பதைப் பழமொழி சொல்லாது விட்டது. அந்த வெற்றிடத்தை நம் பெற்றோர் தாமே நிரப்பிக்கொண்டனர். முதலில் வைத்தியர், அது கைகூடாதெனின் பொறியியலாளர், அதுவும் இல்லையெனின் கச்சேரியில் ஏதேனும் ஒரு நாற்காலி, எதுவுமே அமையாதவிடத்துக் காணியை ஈடுவைத்தேனும் பிள்ளையை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடுதல். மகனோ மகளோ கணக்காய்வாளராக வரவேண்டுமென்று கோயிலில் நேர்த்தி வைத்த தாயொருத்தியை நாம் இந்த வன்னிப் பெருநிலத்திற் கண்டதில்லை. (பெண்கள் உத்தியோகம் பார்க்கும் காலம் இது, பழமொழியிலுள்ள 'புருட' என்னுஞ் சொல்லை வாசகிகள் பொறுத்தருள்வாராக.)

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. "ஓடிற் வருகிறதாம்" என்ற செய்தி ஓர் அலுவலகத்தினுள் நுழைந்தால் அங்கே நிகழும் மாற்றங்களை அறியாதார் யார்? பழைய கோவைகள் தூசு தட்டப்படுகின்றன. ஆறு மாதமாக ஒப்பமிடப்படாதிருந்த இடாப்பு ஒரே பிற்பகலில் ஒப்பமிடப்படுகிறது. பாடசாலையாயின் களஞ்சிய அறைக் கதிரைகள் எண்ணப்படுகின்றன. எண்ணிக்கை குறையுமிடத்துக் கால் முறிந்த கதிரைகளும் பரண்மேலிருந்து இறங்கி வந்து அணிவகுக்கின்றன. இவ்வாறு எல்லாரும் அஞ்சும் ஒருவராகத் தம் பிள்ளையைக் கற்பனை செய்ய எந்தப் பெற்றோர்தாம் விரும்புவர்?

ஆயினும் கணக்குப் பார்த்தல் நம் மண்ணுக்குப் புதியதோர் இறக்குமதிச் சரக்கன்று. சூடடித்த களத்தில் நெல் அளப்பவர் முதல் அளவை 'ஒன்று' என்னாது 'இலாபம்' என்று சொல்லித் தொடங்கும் வழக்கத்தைப் பெரியோர் அறிவர். அளப்பவர் ஒருவர், அருகே நின்று எண்ணிக்கையைக் காத்து நிற்பவர் வேறொருவர். அளக்கும் கையே எண்ணவும் கூடாது என்பது அதன் உட்கிடை. இக்காலத்துக் கணக்காய்வு நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைக்கும் முதற்பாடமும் இதுவேயாகும். களத்துமேட்டிற் பாட்டனார் செய்ததைப் பேரனார் பெருநகரிலே கண்ணாடி மாளிகையில் இருந்து செய்கிறார் என்பதொன்றே வேறுபாடு.

இலங்கையில் அரசாங்கக் கணக்கைப் பரிசோதிக்குந் திணைக்களத்தை 1799 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் நிறுவினர். பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதோ 1803 இல். ஆகவே வன்னியில் ஆங்கிலேயரின் ஆட்சி வேரூன்றுதற்கு முன்னரே அவர்தம் கணக்கப்பிள்ளை கொழும்பிலே அமர்ந்துவிட்டார் என்க. அப்பதவியில் அமர்ந்த முதல் இலங்கையர், பிற்காலத்தில் 1954 முதல் 1962 வரை மகாதேசாதிபதியாக விளங்கிய சேர் ஒலிவர் குணதிலக்க ஆவார். அவர் 1931 இல் அதனை ஏற்றார். இன்று கணக்காய்வாளர் நாயகத்தின் அதிகாரம் அரசியலமைப்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டமோ ஒருபடி மேலே சென்று, அரசுக்கு நட்டம் விளைவித்த அதிகாரியிடமிருந்தே அந்நட்டத்தை அறவிடவும் வழிசெய்தது.

நிற்க. நாம் இவ்வாரம் எழுத எண்ணியது கொழும்பைப் பற்றியன்று. அதனினுந் தொலைவில் உள்ள ஒரு சிறு நாட்டைப் பற்றியாம். லக்சம்பேர்க் என்பது அதன் பெயர். பரப்பளவு 2,586 சதுர கிலோமீற்றர். நம் முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,617 சதுர கிலோமீற்றர் என்று பாடநூல் கூறுகிறது. ஆகவே ஒட்டுசுட்டானையும் துணுக்காயையும் மாங்குளத்தையும் மனத்திற்கொண்டால் அந்நாட்டின் அளவு வாசகர்க்குத் தெளிவாக விளங்கிவிடும். அச்சிறு நாட்டிலேதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்துக்கெல்லாம் கணக்குப் பார்க்கும் பெருமன்றம் உள்ளது. அதனை 'ஐரோப்பியக் கணக்காய்வாளர் நீதிமன்றம்' என்பர். பெயரில் நீதிமன்றம் என்றிருப்பினும் அங்கே வழக்கில்லை, தண்டனையில்லை. இருப்பவை அறிக்கைகளே. 1975 இல் பிறசெல்சு நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கையாற் பிறந்து, 1977 ஒக்டோபரிற் கடமையைத் தொடங்கி, 1993 முதல் ஒன்றியத்தின் முழுநிறுவனங்களுள் ஒன்றாய் விளங்குவது. நாட்டுக்கு ஒருவராக உறுப்பினர் 27 பேர். அவர்க்குக் கீழே ஏறத்தாழ 900 உத்தியோகத்தர்.

அம்மன்றம் ஆண்டுதோறும் ஒரு சான்றுரை வெளியிடுகிறது. 2023 ஆம் ஆண்டுச் செலவுகளில் விதிக்கு மாறாக நடந்தவை 5.6 சதவீதம் என்று அது மதிப்பிட்டது; இரண்டு சதவீதத்தைத் தாண்டினாலே அதற்குப் பொறுக்காது. இதனைக் கேட்டவுடன் "அங்கேயுங் களவோ!" என்று நம்மவர் மூக்கில் விரல் வைப்பது இயல்பு. பிழை வேறு, களவு வேறு. கேள்விப்பத்திரம் கோராமற் பொருள் வாங்குதல், தகுதியில்லாதவருக்கு அறியாமல் மானியம் கொடுத்தல், சீட்டைத் தவறவிடுதல் யாவும் பிழைக்கணக்கிலே சேரும். தன் வீட்டுப் பிழையைத் தானே அளந்து, அளந்ததைத் தெருவிலே நின்று படித்துக்காட்டும் ஏற்பாடு பாராட்டத்தக்கது என்பதே எம் கருத்து.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கிளிநொச்சி வாசகரொருவர் இவ்விடத்திற் பக்கத்தைப் புரட்ட முற்படலாம். சற்றே பொறுக்குமாறு வேண்டுகின்றோம். நாம் அந்த மன்றத்தை அறியாதிருக்கலாம். அந்த மன்றம் நம்மை அறியும்.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் முல்லைத்தீவுக் கரையிற் புகுந்த கடலை மறந்தார் எவருமிலர். அதன்பின் உலகெங்குமிருந்து பணம் வந்தது. முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம், பகுதியாக அழிந்ததற்கு ஓர் இலட்சம் என்று அரசாங்கம் வகுத்த கணக்கு நம் எல்லார்க்கும் மனப்பாடம். அப்பணம் போன வழியைத் தேடி நம் நாட்டுக் கணக்காய்வாளர் நாயகம் 2005 யூன் முடிவு வரையிலான இடைக்கால அறிக்கையொன்றை வெளியிட்டார். மறு ஆண்டு லக்சம்பேர்க் மன்றமும் தன் 3 ஆம் இலக்கச் சிறப்பறிக்கையை வெளியிட்டது. ஆழிப்பேரலைக்குப் பின் ஐரோப்பிய ஆணைக்குழு செய்த மனிதாபிமான உதவியே அதன் பொருள். உலகநாட்டுக் கணக்காய்வு நிறுவனங்கள் 1953 இல் ஹவானாவிற் கூடி அமைத்த சங்கமொன்று உண்டு. வியன்னாவில் அதன் செயலகம். அச்சங்கமும் அப்பேரலையின் பின்னரே, அனர்த்த உதவிப் பணத்தை எவ்வாறு பரிசோதிப்பதென ஆராயத் தனிக்குழு அமைத்தது. நம் கரையில் விழுந்த அலை அவர்தம் பாடநூலில் ஓர் அத்தியாயமாயிற்று.

2009 இன் பின்னர் வந்த வீட்டுத்திட்டங்களும் இவ்வாறே. இந்திய வீட்டுத்திட்டத்திற் புதுவீடொன்றுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா. ஐரோப்பிய ஒன்றியமும் ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பு முதலியவற்றின் வாயிலாக நம் மாவட்டங்களில் வீடுகள் கட்டப் பணம் தந்தது. அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் ஒரு தவணை, கூரை ஏறினால் மற்றொன்று. அத்தவணைகள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு படிவம். படிவத்தின் பின்னே ஒரு கோவை. கோவையின் பின்னே எங்கோ ஓர் அறையில் அதனைப் புரட்டிப் பார்க்க உரிமை படைத்த ஒருவர். ஒன்றியத்தின் பணம் உலகில் எம்மூலைக்குச் சென்றாலும் அதனைப் பின்தொடர்ந்து வந்து கேட்கும் உரிமை அம்மன்றத்துக்கு உண்டு.

மூன்றாவது தொடர்பு இன்னும் நெருக்கமானது. அதனைச் சொல்லுமுன் வாசகர் தம் வலக்கைப் பெருவிரலை ஒருமுறை பார்த்துக்கொள்வாராக.

2003 சனவரி முதல் ஐரோப்பாவில் 'யூரோடக்' என்ற பெயரில் ஒரு மாபெரும் ஏடு இயங்கிவருகின்றது. தஞ்சங்கோரி வருவோர் எந்நாட்டில் முதலில் விரலடையாளம் பதித்தனரோ, அந்நாடு பெரும்பாலும் அவர் விண்ணப்பத்துக்குப் பொறுப்பாகும். பதினான்கு வயதுக்கு மேற்பட்டோரின் பத்து விரல்களும் அதிற் பதியப்பட்டன. 2024 இல் இயற்றப்பட்ட புதுச்சட்டம் அவ்வயதை ஆறாகக் குறைத்துவிட்டது. நம் ஊர் இளைஞர் எத்தனை பேரின் விரல்ரேகை அவ்வேட்டில் உறங்குகின்றது என்பதை அவரவர் வீட்டாரே அறிவர். இத்தாலியில் இறங்கி விரலைப் பதித்துவிட்டு, பிரான்சிலோ ஜேர்மனியிலோ உள்ள தமையனிடம் போய்ச் சேர்ந்தவர், "நீ இத்தாலிக்கே திரும்பு" என்ற கடிதத்தைப் பெற்றபோது, அக்கடிதத்தை எழுதியது ஒரு குமாஸ்தா அன்று. ஒரு பொறி சொன்ன சொல்லை ஒரு குமாஸ்தா பெயர்த்தெழுதினார்.

அப்பொறியைப் பேணுவதும் ஓர் உத்தியோகமே. எஸ்தோனியா நாட்டின் தாலின் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரிற் பொறிகளை வைத்து, 2012 டிசெம்பர் முதல் ஓர் ஐரோப்பிய முகவர் நிலையம் அதனை நடத்துகின்றது. விரல்ரேகை அங்கே படமாக ஒப்பிடப்படுவதில்லை. ரேகை முடியும் இடம், கிளைக்கும் இடம் ஆகியவற்றைப் புள்ளிகளாகக் குறித்து, புள்ளியோடு புள்ளி பொருந்துகின்றதா என்றே கணினி பார்க்கிறது. இதனை அமைக்கவும் காக்கவும் கணினிப் பொறியியலாளர் வேண்டும். தரவுத்தள வல்லுநர் வேண்டும். கள்வர் புகாது காக்கும் பாதுகாப்பு வல்லுநரும் வேண்டும்.

சரி, அப்பொறியே பிழைவிட்டால்? அல்லது பொறிக்குத் தீனி போடும் மனிதர் பிழைவிட்டால்? இவ்விடத்திலேதான் கணக்காய்வும் தொழினுட்பமும் கைகோக்கின்றன. 2019 ஆம் ஆண்டிலே லக்சம்பேர்க் மன்றம் தன் 20 ஆம் இலக்கச் சிறப்பறிக்கையில் யூரோடக் உள்ளிட்ட ஐந்து எல்லைக்காவற் கணினி முறைகளைப் பரிசோதித்தது. முறைகள் வலியனவே, ஆனால் அவற்றுட் புகும் தரவுகள் முழுமையாகவும் உரிய காலத்திலும் புகுவதில்லை என்பதே அதன் முடிவின் சாரம். விரலடையாளத்தை 72 மணி நேரத்துள் மத்திய ஏட்டுக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. அனுப்புவதிற் காலதாமதம் நேர்ந்தால், பொறுப்பில்லாத நாடொன்று பொறுப்புடையதாகத் தவறாகக் குறிக்கப்படக்கூடும் என்று அவ்வறிக்கை எச்சரித்தது. வாசகர் இதனை மீண்டும் ஒருமுறை படிப்பாராக. ஓர் எல்லைப்புறக் காரியாலயத்தில் ஒருவர் சனிக்கிழமை செய்யவேண்டியதைப் புதன்கிழமை செய்தமையால், நம்முடைய பிள்ளையொருவன் தவறான நாட்டுக்கு அனுப்பப்படலாம். அதனைக் கண்டுபிடித்துச் சொன்னவர் வழக்கறிஞரல்லர், மனிதவுரிமைத் தொண்டருமல்லர், ஒரு கணக்காய்வாளர்.

பொறிக்குக் கணக்குப் பார்க்கும் இக்கலை எப்படித் தோன்றியது என்பதற்கும் ஒரு சுவையான கதையுண்டு. 1973 இல் அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் காப்புறுதிக் கம்பனியொன்றின் குட்டு வெளிப்பட்டது. 'ஈக்குவிற்றி பண்டிங்' என்பது அதன் பெயர். அது வைத்திருந்ததாகக் காட்டிய ஏறத்தாழ 97,000 காப்புறுதிகளுள் 64,000 வரையில் இல்லாத மனிதர்களின் பெயரில் இருந்தன! கணக்காய்வாளர் கேட்டபோதெல்லாம் கணினி மனிதரைப் பெற்றுப் போட்டது. காகிதத்திற் பொய்யெழுதக் கை நோகும், கணினிக்கு நோவேது? அந்நகரிலே 1969 இல் ஒரு சிலர் கூடித் தொடங்கியிருந்த கணினிக் கணக்காய்வாளர் சங்கமே இன்று 'ஐசாக்கா' எனும் உலக அமைப்பாய் வளர்ந்திருக்கின்றது. அது வழங்கும் 'சீசா' எனும் தராதரப்பத்திரத்தை அரச நிறுவனங்களும் வங்கிகளும் பெரிதும் மதிக்கின்றன.

இத்தொழிலில் அச்சமில்லாத நெஞ்சும் வேண்டும். ஐரோப்பிய ஆணைக்குழுவில் உதவிக் கணக்காய்வாளராய் இருந்த போல் வன் பொய்ற்றனன் என்னும் ஒல்லாந்தர், தாம் கண்ட முறைகேடுகளை 1998 இன் இறுதியிலே ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு எழுதி அனுப்பினார். கிடைத்த பரிசு: பணி இடைநிறுத்தம், அரைச் சம்பளம். ஆனால் விடயம் அதனோடு அடங்கவில்லை. சுதந்திர நிபுணர் குழுவொன்று விசாரித்தது. ஆணைக்குழு உறுப்பினரான முன்னாட் பிரெஞ்சுப் பிரதமர் எடித் கிறெசோன் அம்மையார் தம் ஊர்ப் பல்வைத்தியரைத் தகுதியில்லாப் பதவியொன்றில் அமர்த்தியதும் அவ்விசாரணையில் வெளிவந்தது. 1999 மார்ச்சில் ஆணைக்குழு முழுவதும் ஒரே இரவில் இராசினாமாச் செய்தது. கடைநிலையில் இருந்த ஒருவரின் கோவை ஒரு கண்டத்தின் நிருவாகத்தையே கவிழ்த்தது. அவர் பின்னர் 2004 இல் அதே பாராளுமன்றத்துக்கு உறுப்பினராகவும் தெரிவானார். பல்வைத்தியருக்கு வேலை கொடுப்பது நம் நாட்டில் ஒரு செய்தியாகவே வராது என்று வாசகர் முணுமுணுப்பது எம் காதில் விழுகின்றது.

இனி, இவ்வுத்தியோகங்களை அடையும் வழியைப் பார்ப்போம். அண்மையில் ஒரு தாயார் எம் வீட்டுக்கு ஒரு தாளுடன் வந்தார். "சேர், தம்பிக்கு ஐரோப்பாவிலை கவுண்மேந்து ஒப்பீசிலை கொம்பியூட்டர் வேலையாம். ஏஜென்சிக்காரர் பன்னிரண்டு இலட்சம் கேக்கினம். காணியை ஈடு வைக்கலாமோ எண்டு யோசிக்கிறன்" என்றார். தாளிலே பன்னிரு நட்சத்திரங்கள் வட்டமாய் ஒளிர்ந்தன. எழுத்துப் பிழைகளும் அவற்றினுங் கூடுதலாய் ஒளிர்ந்தன. "வேண்டாம் அம்மா, உறுதியைப் பெட்டிக்குள்ளையே வையுங்கோ" என்று சொல்லி அனுப்பினோம். இதுபோன்ற தாள்கள் பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் செட்டிகுளத்திலும் உலவக்கூடும் ஆதலின் உண்மையை இங்கே தெளிவாய் எழுதுகிறோம்.

ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களின் நிரந்தர உத்தியோகங்களுக்குத் தெரிவுசெய்ய 2003 முதல் ஓர் ஆளணித் தெரிவு அலுவலகம் இயங்குகின்றது. பொதுவிதி இரண்டு. ஒன்று, விண்ணப்பிப்பவர் ஒன்றியத்து நாடொன்றின் பிரசையாதல் வேண்டும். இரண்டு, ஒன்றியத்தின் 24 அரசகரும மொழிகளுள் ஒன்றை ஆழவும் மற்றொன்றை நன்கும் அறிந்திருத்தல் வேண்டும். பரீட்சைக்கு எவரும் ஒரு சதமேனும் கட்டவேண்டியதில்லை. பணம் கேட்பவர் எவராயினும் அவர் பொய்யர். இலங்கைப் பிரசை ஒருவர் வன்னியிலிருந்து நேரே சென்று அந்நாற்காலியில் அமர இயலாது; இதனை மறைத்து இனிப்பாக எழுதுவது பத்திரிகைத் தர்மமன்று. (அந்த 24 மொழிகளுள் மோல்ற்றா மொழியும் ஒன்று, பேசுவோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரே. மொழிக்கு உரிமை கிடைப்பது தலையெண்ணிக்கையால் மாத்திரம் அன்று என்பதைத் தமிழர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.)

ஆனால் புலம்பெயர்ந்த நம் உறவினரின் பிள்ளைகளுக்கு அக்கதவு திறந்தே கிடக்கிறது. பிரான்சிலும் ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் பிறந்து அந்நாட்டுப் பிரசாவுரிமை பெற்ற பிள்ளைகள் ஈர்மொழி, மும்மொழி வல்லவராய் வளர்ந்திருக்கின்றனர். வேறு பிள்ளைகள் ஆண்டுக்கணக்கிற் படித்துப் பெறும் மொழித்தகுதி அவர்க்குத் தாழ்வாரத்திலே விளையாடும்போதே வாய்த்துவிட்டது. சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லை. பிரித்தானியாவோ 2020 சனவரி இறுதியில் வெளியேறிவிட்டது. நம்மவர் திரளாக வாழும் இம்மூன்று நாட்டுப் பிள்ளைகளுக்கு, அந்நாட்டுப் பிரசாவுரிமை மாத்திரம் உள்ளதெனின், பொதுவிதிப்படி வாயில் அடைபட்டதே. சூரிச்சில் உள்ள மருமகனுக்கும் பாரிசில் உள்ள மருமகளுக்கும் ஒரே அறிவுரையை எழுதிவிடாதீர்கள் என்பதற்காகவே இதனைக் கூறுகின்றோம்.

அப்படியாயின் இங்குள்ள பிள்ளைக்கு என்ன வழி? வழியுண்டு, ஆனால் அது நேர்வழியன்று, சுற்றுவழி. ஐரோப்பிய ஆணைக்குழு ஆண்டுக்கு இருமுறை வழங்கும் ஐந்து மாதப் பயிற்சியில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் சிலருக்கும் இடமுண்டு. கொழும்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழு உள்ளூர் உத்தியோகத்தரையும் அமர்த்துகின்றது. ஐக்கிய நாடுகள் சபையோ இலங்கைப் பிரசைகளையும் ஏற்கும் நிறுவனம். அதன் பெரிய அலுவலகங்கள் ஜெனீவாவிலும் வியன்னாவிலும் உள்ளன. அதற்கெனத் தனியே உட்கணக்காய்வு அலுவலகமும் உண்டு. யாவற்றினும் அருகிலுள்ள வாயில் நம் தேசிய கணக்காய்வு அலுவலகமே.

படிப்பதற்கும் முன்போல யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ ஓடவேண்டும் என்பதில்லை. வவுனியாவில் வளாகமாய் இருந்தது 2021 ஓகஸ்டிலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வியாபாரக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், தொழினுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கின்றது. கணக்கும் கணினியும் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கும் இடம் அது. ஆயினும் ஒரு கட்டடத்துப் பிள்ளை மறு கட்டடத்தை எட்டிப் பார்ப்பதரிது என்பது எம் மனக்குறை. கிளிநொச்சி அறிவியல் நகரிலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழினுட்ப பீடங்களும், ஜேர்மனிய மக்களின் வரிப்பணத்தால் எழுந்து 2016 இல் திறக்கப்பட்ட தொழிற்பயிற்சி நிலையமும் உள்ளன.

இவ்வளவும் எழுதியபின், நாம் இதனை எழுதப் புகுந்த உண்மைக் காரணத்தையும் சொல்லவேண்டும். கணக்காய்வாளர் முதலிற் கேட்கும் வினா, "சீட்டு எங்கே?" என்பது. நம் மக்களிடம் இல்லாத பொருள் அதுவேயாம். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, பின் செட்டிகுளத்து முகாம்களுக்குப் போனவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை, காணியுறுதி இல்லை, பிள்ளையின் பாடசாலை அறிக்கையும் இல்லை. வீட்டுத்திட்டத்துக்கு ஆட்களைத் தெரியும்போது புள்ளிமுறை வைக்கப்பட்டது. குடும்பத்தில் ஆட்கள் பெருகப் புள்ளி பெருகும். எல்லாரையும் இழந்து தனியே நின்ற முதியவளுக்கோ, அவளது இழப்பே புள்ளியைக் குறைத்தது. இக்குறை ஊர்தோறும் பேசப்பட்டது. தாளிற் பார்த்தால் அப்பட்டியலில் ஒரு பிழையுமில்லை. கூட்டல் சரி, ஒப்பம் சரி, முத்திரையும் சரி.

தாளை மாத்திரம் பார்ப்பவர் அதனைச் சரியென்று அடிக்கோடிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். நல்ல கணக்காய்வு தாளோடு நிற்பதன்று. நேரிற் சென்று காண்பதும், மூன்றாம் ஆளிடம் உசாவுவதும், அளந்து பார்ப்பதும் சான்றுகளே என்று அத்தொழிலின் விதிகளே கூறுகின்றன. சீமெந்துச் சீட்டைத் தொலைத்தவளின் வீட்டுச் சுவர் அங்கே நிற்கிறது. கல்லை எண்ணினால் மூட்டையின் தொகை தெரியும். தவணைப் பணம் போதாமற் காப்பை அடைவு வைத்துக் கூரை ஏற்றினாளா என்பதை அயலவர் சொல்வர். 'பயனடைந்தோர்' என்ற நிரலுக்கு வெளியே நின்றவர் யார் என்று கேட்கவும் ஒருவருக்குத் தோன்றவேண்டும். கூடாரத்திற் படித்து, நிவாரண வரிசையில் தாயின் கையைப் பிடித்து நின்று வளர்ந்த பிள்ளைக்கு அவ்வினா தோன்றாமலிராது. லக்சம்பேர்க்கிலும் கொழும்பிலும் அந்நாற்காலிகளில் அமர்வோரிடத்தே கல்வி குறைவென்று நாம் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர் எவரும் அங்கே இதுவரை போதிய அளவு இல்லை என்பதே எம் மனத்தை உறுத்துவது.

கடைசியாக ஒரு கடிதம். மகளுக்குக் கணக்கிலும் கணினியிலும் ஒருங்கே விருப்பம். உயர்தரத்தில் இரண்டையும் எடுக்க இயலுமா, அல்லது ஒன்றைக் கைவிட வேண்டுமா என்று நெடுங்கேணியிலிருந்து ஒரு தந்தையார் கேட்டிருக்கின்றார். கைவிட வேண்டியதில்லை. வர்த்தகப் பிரிவிலே கணக்கீடு, பொருளியல் ஆகிய இரண்டோடும் மூன்றாம் பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தெரிவுசெய்ய இடமுண்டு. பாடசாலையில் அப்பாடத்துக்கு ஆசிரியர் இருக்கின்றாரா என்பதை மாத்திரம், சேர்வதற்கு முன்னரே, அதிபரிடம் நேரிற் சென்று கேட்டறிந்துகொள்வாராக.